எழுபத்தொன்றாம் எண் விட்டுப்போன ஒதுக்கு

கணவாய்விளையில் காற்றுதான் முதலில் குடிவந்தது, மனிதர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். ஆகவே வைகாசி பிறந்தால் புரட்டாசி முடியும்வரை அந்த ஊரில் எந்தக் காரியத்துக்கும் காற்றிடம் உத்தரவு கேட்டாக வேண்டும். வாசலில் போட்ட கோலம் கடைசிப் புள்ளி வைப்பதற்குள் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடும், சோற்றுப்பானையைத் திறந்து இறக்கினால் மண்ணோடுதான் உண்ண வேண்டும், குருசடியில் ஏற்றிய மெழுகுவர்த்தி ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை நின்றதில்லை, தோளோடு தோள் உரச நிற்கிறவரிடம் மணி என்ன என்று கேட்பதானாலும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடுவதுபோலத் தொண்டையைத் திறக்க வேண்டும். இரண்டு மலைகள் முட்டிக்கொள்ளப் போய், என்ன நினைத்ததோ, நடுவில் கொஞ்சம் வழி விட்டு நின்றுவிட்டன; அந்த வழியில் வருகிற காற்று ஊரின் ஒரே ரோட்டை மேற்கிலிருந்து கிழக்காகப் பெருக்கிக்கொண்டு போகும்.

தெற்கே, தென்னைகள் நேராக நிற்கிற ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஆன்சி. வாசலில் முந்நூறு காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, அவள் கணவன் டென்சிங் குஜராத்தில் கட்ச் பக்கத்தில் வேறொரு காற்றாலைக் கம்பெனிக்குக் கோபுரம் ஏறப் போயிருந்தான். பங்குனிக் கடைசியில் அவளுக்கு ஏழாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம் போலிருந்த அந்தப் பிள்ளை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, டாக்டர்கள் போதும் என்று சொன்ன அன்று காரில் வீடு வந்து சேர்ந்தது. காரிலிருந்து வீட்டு நடைக்குப் பத்தே எட்டு. அந்தப் பத்து எட்டுக்குள் காற்று வந்து பிள்ளையின் முகத்தில் அறைய, பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது, இழுத்த மூச்சை விடவில்லை, உதடு நாவல்பழமாகக் கறுத்தது. டென்சிங்கின் அக்கா பிலோமிதான் பிள்ளையைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டித் தட்டி அந்த மூச்சை வெளியே வரவழைத்தாள்.

அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான் ஆன்சி. ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலைகளைக் கிழித்துத் திணித்தாள். மின்விசிறியும் காற்றுதானே என்று அதன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எண்ணாத நேரத்தில் மூச்சு நின்றுவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் மட்டும் ஒரு கண் அளவுக்கு இடுக்கு விட்டிருந்தாள், அதையும் சேலைத் தலைப்பால் மூடி, எப்போதாவது விலக்கிப் பார்ப்பாள்.

கிராம நர்ஸ் வசுமதி வாரம் ஒருமுறை கையில் தொங்கு தராசோடு வருவாள். பிள்ளை இரண்டு கிலோ முந்நூறில் ஏறி உட்கார்ந்தது, அங்கேயே இருந்தது.

"குடிக்கிற பாலெல்லாம் வேர்வையாப் போவுது. பிள்ளைய இருட்டுல ஊறுகா போட்டு வெச்சிருக்கியே, இது உனக்கே நல்லா இருக்கா? வெளிக்காத்து படணும்."

"படக்கூடாதுன்னுதானே வெச்சிருக்கேன் சிஸ்டர்."

"இப்படியே போனா மறுபடியும் கண்ணாடிப் பெட்டிதான். சொல்லல்லன்னு சொல்லாத."

பிலோமி வாசலில் நின்று தன் பங்குக்குக் கேட்பாள். "நாலு மாசப் பிள்ளைக்கு ஒரு பேரு உண்டுமா? நாய்க்குட்டிக்குக்கூட வெச்சிட்டுத்தான் சோறு போடுதாவ. என்னன்னுதான் கூப்பிடச் சொல்லுத?"

"பெறவு வைக்கலாம் மைனி."

பெயர் இல்லாமலில்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் போன மூன்றாம் நாள், கன்னியர் பள்ளியில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது ஆன்சிக்கு நினைவு வந்தது: சாகப்போகிற உயிருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாமியார் வேண்டியதில்லை, தண்ணீர் போதும். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் கொஞ்சம் ஊற்றி, பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் கையை விட்டு நெற்றியில் மூன்று சொட்டு விட்டு, ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்போது வைத்தாய் என்று கேட்பார்கள். பிள்ளை சாகும் என்று தான் ஒருநாள் நம்பியதை அப்போது சொல்ல வேண்டிவரும்.

இப்படியிருக்க, ஆடி நடுவில் ஊருக்கு ஒரு அறிவிப்பு வந்தது. சர்வதேச விளையாட்டுப் போட்டியில் பெண்கள் சைக்கிள் பந்தயம் இந்த ரோட்டு வழியாகப் போகும், நாற்பத்தைந்து நாட்டுப் பெண்கள் எழுபது பேருக்கு மேல், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஆடுமாடு, நாய், மோட்டார் எதுவும் ரோட்டில் இறங்கக் கூடாது. பஞ்சாயத்துத் தலைவி செண்பகவல்லி இதைப் படித்துவிட்டு, நம் ஊர் வழியாக உலகத்திலேயே பெரிய ஆள் ஒருத்தி போகும்போது சும்மா நிற்பது மரியாதையில்லை என்று, ஒரு பொன்னாடையும் நன்னாரி சர்பத்தும் ஐயாயிரம் வாலா பட்டாசும் ஏற்பாடு செய்தாள்.

"எழுவது பேரு வருவா. அதுல எவளுக்குப் போத்தணும்னு எப்படித் தெரியும்?" என்று டீக்கடை நாகப்பன் கேட்டான்.

"மந்திரி வரும்போது எப்படித் தெரியுது? எவளுக்குப் பின்னால வண்டி நெறைய வருதோ, அவதான்."



பந்தய நாளன்று ஆன்சி பிள்ளையை மடியில் போட்டு, இடுக்கில் கண்ணை வைத்திருந்தாள். முதலில் கிழக்கே மழை இறங்கி வருவதுபோல ஒரு இரைச்சல் கேட்டது, பிறகு எழுபது பெண்கள் ஒரே உடம்பாக வந்தார்கள். எதிரில் அவ்வளவு காற்று இருந்தும் அது அந்தக் கும்பலுக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. முன்னால் போகிறவள் கொஞ்ச நேரம் காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவாள், பிறகு தானாக ஒதுங்கிப் பின்னால் போவாள், அடுத்தவள் அந்த இடத்துக்கு வருவாள். பந்தியில் பரிமாறிக் களைத்தவள் கையிலிருந்து இன்னொருத்தி கரண்டியை வாங்கிக்கொள்வதுபோல, யாரும் யாருக்கும் சொல்லாமலே அது நடந்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அதிகம் வண்டி இல்லை என்பதால் ஊர் பட்டாசைப் பற்றவைக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் தன்னந்தனியாக ஒருத்தி வந்தாள். எண் எழுபத்தொன்று. அவளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதன் பின்னால் முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வெள்ளை வேன், இரண்டு போலீஸ் ஜீப், நாலு மோட்டார் சைக்கிள், ஒரு தீயணைப்பு வண்டி. செண்பகவல்லி கையைத் தூக்கினாள், பட்டாசு வெடித்தது.

அந்தப் பெண் ஆன்சி வீட்டு மதிலில் கையை ஊன்றி நின்றாள். தோளில் வேர்வை உப்பாகப் பூத்திருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அவள் முன்னால் விரலைக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி ஏதோ விளக்கப் பார்த்தாள்.

"பாத்தியளா, எவ்வளவு அடக்கம்" என்றாள் செண்பகவல்லி.

அவள் இரண்டு தம்ளர் சர்பத் குடித்தாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்தவள், ஜன்னல் இடுக்கில் ஒரு கண் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, அந்தக் கண்ணைப் பார்த்துச் சிரித்து, மேலும் கீழும் வாங்குகிற தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏறி மிதித்துப் போனாள். வண்டிகளெல்லாம் அவள் பின்னால் போயின. அவள் நின்ற இடத்தில் காற்று திரும்பி வரவில்லை.

முதலில் கண்டுகொண்டவன் நாகப்பன். பேப்பரின் மேல் வைத்த கல்லை எடுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பதை அவன் மூன்றாம் பக்கத்தில்தான் உணர்ந்தான். டீக்கடையிலிருந்து ஆன்சி வீட்டு மதில் வழியாகக் குருசடி வரைக்கும், கோவில் நடுக்கூடம் அளவுக்கு ஒரு நீளத்தில், காற்று சுத்தமாக இல்லை. அதற்கு இந்தப் பக்கம் வேட்டி பறந்தது, அந்தப் பக்கம் சேலை பறந்தது, நடுவில் ஒரு கோழி இறகு நேராகக் கீழே விழுந்தது. மழைக்கு ஒதுங்குகிற இடத்தைச் சொல்வதுபோல ஊர் அதற்கு ஒதுக்கு என்று பெயர் சொன்னது. சாயங்காலத்துக்குள் அதில் அப்பளம் காய்ந்தது.

மறுநாள் பேப்பரில் எழுபத்தொன்று கடைசியாக வந்தவள் என்று போட்டிருந்தது. நாகப்பன் அதைச் செண்பகவல்லிக்குப் படித்துக் காட்டினான்.

"முதல்ல வந்தவ நம்ம ஊருல நின்னாளா?"

"நிக்கல்ல."

"பெறவு என்ன?" என்று அவள் மாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுக்குக்குப் போய்விட்டாள்.

காற்றாலைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, கிண்ணம் கிண்ணமாகச் சுற்றுகிற கருவி ஒன்றை நட்டுப் பார்த்து, அது சுற்றாததால் கருவி பழுது என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் தன்பாட்டுக்குப் பழகியது. குருசடியில் மெழுகுவர்த்தி அடிமட்டும் எரிந்து தீர்ந்ததை முதன்முதலாகப் பார்த்தார்கள். அம்மன் கோவில் கொடை விழாவுக்கு நூற்றியெட்டு விளக்கை அங்கே ஏற்றிப் பார்த்தார்கள். இருபது வருசமாக ஒருத்தரிடம் ஒருத்தர் கத்தியே பேசிய புருசன் பெண்டாட்டிகள் அங்கே போய் நின்று, கத்தத் தேவையில்லாமல், என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு மெலிஞ்ச குரலுன்னு எனக்கு இப்பதான் தெரியுது" என்று பிலோமி சொன்னாள், சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தள்ளுமுள்ளு வராமலிருக்க நாகப்பன் கடைப் பலகையில் சாக்கட்டியால் முறை எழுதினார்கள்: காலை ஆறிலிருந்து ஏழு கோலம் பழகும் பிள்ளைகள், ஏழிலிருந்து எட்டு பேப்பர், எட்டிலிருந்து அப்பளம்.

நான்காம் நாள் பிலோமி ஆன்சியின் கதவைத் தட்டினாள். "நாலு மணிக்கு உம்பேரு போட்டிருக்கு. ஆன்சி பிள்ளைன்னு. பேரில்லாத பிள்ளைக்கு வேற எப்படிப் போட?"

"முடியாது மைனி."

"உன் வாசப்படியில இருந்துதான் ஆரம்பிக்குது. ஒரு எட்டு."

ஆன்சி எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை முதலில் வெளியே நீட்டினாள். சுடர் ஆடவில்லை. பிறகு பிள்ளையை நீட்டினாள். பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது, கொட்டாவி விட்டது, மூச்சு விட்டது. ஒரு மணி நேரம் முழுக்க விட்டது. அந்த வாரம் வசுமதியின் தராசில் முள் நூற்றியிருபது கிராம் நகர்ந்தது.

ஆனால் ஒதுக்கு தேய்ந்தது. அதற்குள் போய் வந்தவர்கள் ஒவ்வொருவரும், மாவு பிசைந்த கை மாவோடு வருவதுபோல, அதில் கொஞ்சத்தைத் தங்கள் மேல் ஒட்டிக்கொண்டு போனார்கள். வீட்டு நடைமட்டும் தலைமுடி பறக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் பந்தல் போட்டு இருநூறு பேரை உட்கார வைத்ததில் குருசடிப் பக்கம் முழுக்கப் போயிற்று. மெழுகுவர்த்தி பழையபடி அணைந்தது. மீதியிருந்தது டீக்கடைக்கும் ஆன்சி மதிலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்.

அன்று பலகையிலிருந்து ஒவ்வொரு பெயராக அழிந்தது. செண்பகவல்லி முதலில் வந்து அப்பளத்தை அழித்தாள். கோவில்காரர்கள் விளக்கை அழித்தார்கள். கடைசியாக நாகப்பன் பேப்பரை அழித்தான். "கல்லு இருக்குல்லா, பழைய கல்லு" என்றான். பலகை முழுக்க ஆன்சி பிள்ளை என்ற ஒரே பெயர் நின்றது.

பள்ளியில் எதற்கெடுத்தாலும் தேங்க்யூ சிஸ்டர் சொல்லிப் பழகியவள் ஆன்சி. செண்பகவல்லியைப் பிடித்து, "தேங்க்ஸ் எக்கா" என்றாள்.

"அத நீயே வெச்சுக்கோ. பிள்ளைக்குச் சளி பிடிக்காமப் பாரு."

இருபது நாளில் பிள்ளை மூன்று கிலோவைத் தொட்டது. பாய் தலையணையாயிற்று, தலையணை முறமாயிற்று. கடைசி நாளில் பிள்ளையின் முகம் மட்டும் கொள்கிற அளவுக்கு ஒதுக்கு இருந்தது. ஆன்சி குனிந்து நின்று அந்த முகத்தை அதற்குள் பிடித்துக்கொள்ள, அவள் முதுகுச் சேலையைக் காற்று பிய்த்தது. மறுநாள் அதுவும் இல்லை. ஆன்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் மறுபடி துணியைத் திணித்தாள்.

பிலோமி கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "இப்ப என்ன? முடிஞ்சுபோச்சா? அது என்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துது? எழுவது பொம்பளைய சைக்கிள் மிதிச்சு உண்டாக்கினது. இஞ்ச எத்தன பொம்பளைய இருக்கோம்?"

முதலில் ஜெபமாலைப் பவனிபோல வரிசையாக நடந்து பார்த்தார்கள். காற்று கால்களுக்கு நடுவே புகுந்து வந்தது. சைக்கிள்தான் வேண்டும் என்று தெரிந்தது. சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அந்த ஊரில் படித்த ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவற்றில் புல்லுக்கட்டு வந்தது, முட்டை அட்டைகள் போயின, ஒன்று கோழி அடையும் பரணாக இருந்தது. பெண்கள் போய் அவரவர் சைக்கிளைக் கேட்டு வாங்கினார்கள். "எதுக்கு?" என்று கேட்ட புருசன்மாருக்கு, "என் பேருல குடுத்தது" என்று மட்டும் பதில் சொன்னார்கள். சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். மூன்று நாள் காலையில் ரோட்டில் இறங்கிப் பழகினார்கள், விழுந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பழித்துச் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். முன்னால் போகிறவள் நூறு மிதி மிதித்ததும் ஒதுங்கிப் பின்னால் போக வேண்டும். முன்னால் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சைக்கிள் வளையும், பின்னால் வருகிற எல்லாரும் சரிந்து விழுவார்கள். இரண்டு சட்டந்தான்.

நான்காம் நாள் காலை பதினொரு சைக்கிள்கள் ஆன்சி வாசலில் நின்றன, பன்னிரண்டாவதாக, தாய்வீட்டிலிருந்து அவளோடு வந்த சைக்கிளையும் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். மேற்கே ஏழு கிலோமீட்டரில் நர்ஸ் வசுமதியின் துணைச் சுகாதார நிலையம், அங்கேதான் பெரிய தராசு. வழி முழுக்க எதிர்க்காற்று. பிள்ளையை ஒரு பழைய வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, ஆன்சி கடைசியாக ஏறினாள். இரண்டு வருசம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்த கால் மறக்கவில்லை. முதல் வளைவு தாண்டியதும் சைக்கிள்களுக்குப் பின்னால் அது உண்டாயிற்று. சேலை அடங்கியது, காது திறந்தது, பிள்ளையின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

ஒவ்வொருத்தியாக முன்னால் போனாள், ஒவ்வொருத்தியாக வேர்த்து வழிந்து பின்னால் வந்தாள். "நீ எங்கயும் வரண்டாம், கடைசியிலயே இரி" என்று செண்பகவல்லி கடந்து போகும்போது சொன்னாள். ஆனால் பதினொரு பேரும் இரண்டு சுற்று முடித்திருந்தார்கள், அவர்களில் யாரும் நாற்பத்தைந்து நாட்டுப் பந்தயக்காரி இல்லை. வரிசை மெதுவாயிற்று. ஆன்சியின் கன்னத்தில் நூல்போல ஒரு காற்று வந்து தொட்டது. பிள்ளையின் நெற்றி மயிர் ஒன்று அசைந்தது.

களைக்காத கால் அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. ஆன்சிக்கு அது தெரிந்தது. தெரிந்த பிறகும் இருபது மிதிவரை பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு, "மைனி, நில்லுங்க" என்றாள்.

பெண்கள் இறங்கிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து வட்டமாக நின்றார்கள். அந்த வட்டத்துக்குள் ஆன்சி வேட்டியை அவிழ்த்துப் பிள்ளையைப் பிலோமியின் மார்பில் கட்டினாள், முடிச்சை நாலு தடவை இழுத்துப் பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை ஒருமுறை வைத்தாள். எடுத்தாள். பிலோமி கடைசிக்குப் போனாள், ஆன்சி முதலாவதாக ஏறினாள்.

காற்று அவளைச் சுவர்போல எதிர்த்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. பத்து மிதித்தாள், இருபது மிதித்தாள். பிறந்ததிலிருந்து தான் எண்ணாமல் அந்தப் பிள்ளை விடுகிற முதல் மூச்சுகள் இவை என்று நினைத்தாள். திரும்பக் கூடாது. திரும்பினால் எல்லாரும் விழுவார்கள். நாற்பதாவது மிதியில் அவளால் தாங்க முடியவில்லை.

"மைனி," என்று முன்னால் பார்த்தபடியே கத்தினாள், "பிள்ள என்ன செய்யுதா?"

பின்னாலிருந்து, கத்தத் தேவையில்லாத அந்த இடத்திலிருந்து, பிலோமியின் குரல் நிதானமாக வந்தது. "எந்தப் பிள்ள? பேரச் சொல்லிக் கேளு."

ஆன்சி இன்னும் பத்து மிதித்தாள். வாய் நிறையக் காற்று புகுந்தது.

"அமலி," என்றாள். "அமலி என்ன செய்யுதா?"

வரிசை முழுக்க அந்தப் பெயரைக் கேட்டது. ஒருத்தியும் எப்போது வைத்தாய் என்று கேட்கவில்லை.

"அமலி மூச்சு விடுதா" என்றாள் பிலோமி. "நீ மிதி."